அழுகை-4

முருங்கைக்காயை மைக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நடுவில் ஒடித்தார் தனிஸ்லாஸ். திருப்தியில்லை. இன்னொன்றை எடுத்தார். கபடிப் போட்டி வீடியோவில் ஒருவன் முழங்கால் மடங்கி விழுகிறான். அந்த இடத்துக்கு எலும்பு முறிகிற சத்தம் வேண்டும்.

"கொழம்புக்கு வாங்கினது அது" என்றாள் மனைவி அகஸ்டினா. "அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆவல, எழுந்து ஓடிட்டான்னு சொன்னீங்களே?"

"அவனுக்கு வலிக்கலன்னா என்னா? பாக்கறவனுக்கு வலிக்கணும்."

முதலியார்பேட்டை மாடியறையில் முப்பது வருடமாக அவருக்குப் படத்தொகுப்பு வேலை. கல்யாணம், மாதா கோயில் தேர், விளையாட்டு விழா, எப்போதாவது ஒரு குறும்படம். தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்குகிற மணப்பெண்ணை வெட்டியெடுத்து, அவளுடைய அப்பா தலைகுனிந்து நிற்கும் காட்சிக்கு அடுத்து ஒட்டுவார். பெண் வீட்டார் அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சுவார்கள். "கண்ணு சும்மா பாக்கும், நம்புறது காதுதான்" என்பார். திரையிடும் இடங்களில் அவர் திரையைப் பார்ப்பதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜனங்களின் முதுகைப் பார்ப்பார். தோள் குலுங்கினால் வேலை சரி.

பிள்ளைச்சாவடிக் கரையைக் கடல் அரித்துத் தின்பதைப் பற்றி ஓர் அமைப்பு படம் எடுத்து, தொகுக்க அவரிடம் கொடுத்தது. அதில் ராஜாம்பாள் என்று ஒரு பெண், மீன் விற்கிறவள், பாதி கடலோடு போய்விட்ட தன் வீட்டின் மிச்சச் சுவரைப் பார்த்து நிற்கிறாள். நாற்பது விநாடி. பேசவில்லை, அழவில்லை. மைக்கில் விழுந்ததெல்லாம் காற்று இரைச்சல்.

தனிஸ்லாஸ் அதை எட்டு விநாடியாக வெட்டினார். அலைச் சத்தத்தை மெல்ல இறக்கி, அடியோடு நிறுத்தி, அந்த நிசப்தத்துக்குள் ஒரு விம்மலை வைத்தார். சில வருடம் முன்பு சாரம் என்கிற பக்கத்துப் பேட்டையில் ஒரு துக்க வீட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது பதிவானது. கணினியில் அதற்கு 'அழுகை-4' என்று பெயர். ராஜாம்பாளின் உதடு இறுகியிருந்ததால் சத்தம் அவள் தொண்டைக்குள்ளிருந்தே வருவதுபோலப் பொருந்திவிட்டது. அன்று அவருக்குச் சோறு ருசியாக இறங்கியது.

ஊர்ச் சமுதாயக் கூடத்தில், தொகுத்தவர் இவர் என்று தனிஸ்லாஸைக் காட்டிவிட்டுப் படம் போட்டார்கள். அந்த இடம் வந்ததும் முதுகுகள் குலுங்கின. பெண்கள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். நடுவில் ஒரு முதுகு மட்டும் விறைத்திருந்தது. விளக்குப் போட்டதும் அவள் எழுந்து நேரே அவரிடம் வந்தாள். ராஜாம்பாள்.

"சார், அதுல அழுவுறது யாரு?"

"அது வேற ஒரு சாவு வீட்ல எடுத்தது, சும்மா எஃபெக்ட்டுக்கு வெச்சதும்மா."

"நான் அழுவல சார். எம் பொண்ணு பக்கத்துல நின்னுனு எம் மூஞ்சியே பாத்துனு இருந்தா. நான் அழுதா அவ ஒடஞ்சிடுவான்னு பல்லக் கடிச்சினு நின்னேன். இப்ப அவளே கேக்குறா, ஏம்மா அழுதியான்னு."

அவள் குரல் உயரவில்லை.

"அந்தம்மாவுக்கு யாரு செத்தாங்க?"

அது அவருக்குத் தெரியாது.

மறுநாள் பழைய வட்டுகளைக் கிளறி, சாரத்துப் பதிவை முழுசாகக் கேட்டார். அழுதவள் பெயர் தீபலட்சுமி. மகன் பத்தொன்பது வயதில் பைக் விபத்தில் போயிருந்தான். விம்மலுக்கு முன்னால் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்: "கேமராவ நிறுத்துங்கண்ணா." சத்தம் சுத்தமாக வேண்டும் என்று அதை வெட்டியெறிந்தது அவர் கைதான். நிறுத்திவிட்டு மறுபடி கேட்டார். அகஸ்டினா சாப்பிடக் கூப்பிட்டபோது தலை நிமிரவில்லை.

விம்மலை எடுத்துவிட்டு, நாற்பது விநாடியையும் காற்று இரைச்சலோடு அப்படியே வைத்துப் படத்தைத் திருத்தினார். அமைப்பின் செல்வகுமார் பார்த்துவிட்டு, "அழுகை போயிட்டா அந்த சீன்ல என்னா சார் இருக்கு?" என்று கேட்டார். பழைய படம் அதற்குள் ஊரெல்லாம் போனில் பரவியிருந்தது. "உங்க படம் பாத்து எங்க வூட்ல எல்லாரும் அழுதுட்டாங்கண்ணே" என்று டீக்கடையில் ஒருவர் கையைப் பிடித்தார். தனிஸ்லாஸ் பாதி டீயை வைத்துவிட்டு நடந்தார்.

ஒரு வாரம் கழித்து, திருத்திய படத்தைப் போனில் போட்டுக்கொண்டு ராஜாம்பாள் மீன் விற்கும் ரோட்டோரத்துக்குப் போனார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். லாரி ஒன்று கடந்தது. அவள் காதருகே போனை வைத்து, காற்றை மட்டும் கேட்டாள்.

"இது நான்தான்" என்று திருப்பிக் கொடுத்தாள். "அந்தம்மா யாருன்னு பாத்தீங்களா?"

சொன்னார். மகன், வயது, நிறுத்தச் சொன்னது, தான் வெட்டியது, எல்லாவற்றையும்.

"அவங்க வூட்டுக்குப் போனீங்களா?"

"தெரு முனை வரைக்கும் போனேம்மா. ரெண்டு தடவ."

ராஜாம்பாள் காலி ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, ஈரத்துணியால் அதன் மேலிருந்த செதில்களை வழித்துத் துடைத்து, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க சார். எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

தன் செருப்பைப் பார்த்தபடி, வெயிலில், அவர் நின்றுகொண்டே இருந்தார்.