ஸ்ட்ரைக் நாளில் கட்டிய மருந்து

என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, அங்கிருந்த முகாமையாளர் என் தொழிலை ஒரு மரியாதைக்குக் கேட்டார். பிறகு அவளுடைய சம்பளச் சீட்டை மட்டும் வாங்கிப் பார்த்தார். ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்து நான் வீட்டில் கிடந்த மாதங்களில் அடுப்பு எரிந்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் சுகாதார ஊழியர்களுக்குத் தனி வரிசை விட்டார்கள். மோட்டார் சைக்கிளில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நானும் அதில் போனேன். பக்கத்து நீண்ட வரிசையில், வெயிலில், என்னோடு வேலை செய்யும் கூட்டாளி நின்றான். கையைக் காட்டினான். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் போகாவிட்டால் வார்ட் நடக்காது, அது உண்மை. அதே பெற்றோலில் நான் நெல்லியடிக்கு வயரிங் வேலைக்கு ஓடித் திரிந்ததும் உண்மை.

ஆகவே, தாதிமார் சங்கம் பணிப்பகிஷ்கரிப்பு, ஸ்ட்ரைக், என்று அறிவித்தபோது நான் எந்தப் பக்கம் என்று எனக்கே பிடிபடவில்லை. டொக்டர்மாருக்குக் கூட்டிய அலவன்ஸைத் தங்களுக்கும் கூட்டவேண்டும் என்று கேட்டார்கள். அவசர சிகிச்சை மட்டும் நடந்தது. கிளினிக்கும் மருந்து கட்டும் அறையும் பூட்டு.

காலையில் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். மத்தியானம் திரும்ப ஏற்றப் போனபோது மதிலோரம் ஒரு புருசனும் பெண்சாதியும் குந்தியிருந்தார்கள். அவர் கடலுக்குப் போகிறவர். சலரோகத்தால், சீனி வருத்தத்தால், ஆறாத காயம், காலில் சுற்றிய கட்டு ஊறி மஞ்சளாகியிருந்தது. ஸ்ட்ரைக் என்று தெரியாமல் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்களாம்.

"தம்பி, எப்ப திறப்பினமாம்?" என்று அந்த அக்கா கேட்டா.

"இண்டைக்குத் திறக்கமாட்டினம் அக்கா."

"நாளைக்கோ?"

"தெரியேல்லை."

"அவைக்கென்ன, மாசம் முடியச் சம்பளம் வரும்" என்றா, வாசலில் நின்ற வெள்ளை உடுப்புக்காரரைப் பார்த்து.

அதற்குள் என் மனைவி நெஞ்சில் கறுப்புப் பட்டியோடு எங்களிடம் வந்துவிட்டாள். "இவ என்ரை மனுசி" என்றேன். அந்த அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா.

என் மனைவி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். "கடைசியா எப்ப கட்டினது ஐயா?"

"முந்தநாள், மிஸ்."

அவள் திரும்பி வாசலில் நின்ற தன் ஆட்களைப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இஞ்சை வேண்டாம். ஒரு ஓட்டோ பிடிச்சு வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ."

எங்கள் வீட்டு முன்கூடத்தில் கதிரையில் அவரை இருத்தி, காலைக் கழுவி, மருந்து கட்டினாள். வலியில் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தவர் கொஞ்சம் ஆறியதும் கதைத்தார்.

"கோவிக்காதையும் பிள்ளை. நீங்கள் வேலைக்குப் போகாட்டி அரசாங்கம் கூப்பிட்டுக் கதைக்கும். நான் கடலுக்குப் போகாட்டி ஆர் வந்து கதைக்கப்போகினம்? மீன்தான் சந்தோசப்படும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, ராவிலை ஒரு வார்ட்டுக்கு நான் ஒராள். என்னோடை இருந்தவை கனபேர் வெளிநாட்டுக்குப் போட்டினம். நாங்களும் போனா உங்கடை காலை ஆர் பாக்கிறது?"

"அதுவும் சரிதான். ஆனா உங்களுக்குப் பென்ஷன் இருக்கு."

"ஓம், இருக்கு."

"எங்கடை வலையை இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போனா எங்களுக்கு ஒண்டும் இல்லை."

அவள் பிளாஸ்டரை வெட்டி ஒட்டினாள். எனக்கும் பென்ஷன் இல்லை. அவர் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல வாய் உன்னியது. ஆனால் நான் நின்ற அந்தக் கூடம் யாருடைய சம்பளச் சீட்டில் எழும்பியது?

அவர்கள் போகும்போது என் மனைவி சொன்னாள்: "நாளையிண்டைக்கும் வாங்கோ ஐயா. தண்ணி படவிடாதேங்கோ."

அவர்கள் வரவில்லை. சில நாளில் ஸ்ட்ரைக் முடிந்தது. கேட்டதில் கொஞ்சம் கிடைத்தது. அடுத்த கிழமை அவள் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசற்படியில் குந்தினாள்.

"அந்த ஐயா எங்கடை வார்ட்டிலை. கால் பெருவிரலை வெட்டி எடுத்துப்போட்டினம்."

"அண்டைக்குக் கிளினிக் இல்லாததாலையோ?"

"தெரியாது. முதலே கறுக்கத் தொடங்கியிருந்தது. பேந்து கடலுக்கும் இறங்கியிருக்கிறார்." குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள். "கிளினிக் நடந்திருந்தா ஒரு டொக்டர் பாத்திருப்பார். நான் கட்டிவிட்டதிலை, இனிப் பறவாயில்லை எண்டு நினைச்சிட்டாரோ தெரியேல்லை."

நல்லது செய்தோம் என்று நான் நினைத்திருந்த ஒரே காரியமும் அன்றைக்குக் குழம்பிப்போனது.

பிஸ்கட் பெட்டி ஒன்றோடு அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலுக்குக் கட்டில் என் மனைவி ஓடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் நிற்கவில்லை. அவர் அவளைக் காட்டிச் சொன்னார்: "பாத்தீரோ தம்பி, காலையிலையிருந்து இந்தப் பிள்ளை ஒரு இடத்திலை இருக்கேல்லை. இவை கேக்கிறதைக் குடுக்கத்தான் வேணும்."

"குடுக்கட்டும்" என்றா பக்கத்திலிருந்த அக்கா. "ஆனா உங்கடை காலை வச்சுத்தானே கேட்டவை?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா பிஸ்கட் பெட்டியை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தா. "தம்பி, எங்கடை மகளும் நேர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். எடுபட்டிட்டாளெண்டா எங்களுக்கு வேறை ஒண்டும் வேண்டாம். மிஸ்ஸிட்டை ஒருக்காச் சொல்லிவிடுமன்."

கோபமாகக் கேட்டதும் அந்த வாய், ஆசையாகக் கேட்டதும் அந்த வாய். இரண்டிலும் பொய் இல்லை. "சொல்லுறன் அக்கா" என்றேன்.

இப்போது மறுபடியும் சங்கக் கூட்டம் என்கிறார்கள்.

"போறீரோ?" என்று கேட்டேன்.

"போகத்தானே வேணும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன், போகவேண்டாமோ?"

போகவேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். போம் என்று சொன்னாலும் எனக்குள் ஏன் என்ற கேள்வி இருக்கும். மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்து, அவள் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.