வெற்றுக் குழிகளில் வெளிச்சம்

துர்க்கு நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக, ரத்தம் சோதிக்கும் சிறு குழிகள் கொண்ட தட்டுகளைக் கழுவுகிறவர் ஹில்க்கா. ரத்தத்திலுள்ள ஹார்மோனைத் தேடிப் பிடிக்கும் புரதத்தில் யூரோப்பியம் என்ற உலோகத்தை அடையாளமாகப் பிணைப்போம். ஒட்டாத மிச்சத்தைக் கழுவிவிட்டு, கடைசியில் ஒரு கரைசலை ஊற்றினால் ஒட்டிய உலோகம் ஒளிரும்; எவ்வளவு ஒளி என்று கருவி எண்ணும்.

அந்த வாரம் ரத்தமே விடாத குழிகளும் ஒளிர்ந்தன.

"சரியா கழுவலைன்னு அர்த்தம். இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆள்தான்" என்றார் தலைவர் ரெய்யோ. மற்றவர்கள் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். நானும்தான்.

ஹில்க்கா வாதாடவில்லை, பதிலுக்கு எங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டார். இரண்டு மணிக் காபிக்கு உட்காராமல், யார் கை எங்கே போகிறது என்று நின்று பார்த்தார். பிறகு கதவுப் பிடி, குழாய், தொலைபேசி, காபிக் குடுவையின் பிடி என்று ஒவ்வொன்றையும் பஞ்சால் துடைத்துக் கருவியில் வைத்தார். குடுவைப் பிடியில் எண் எகிறியது.

"யூரோப்பியம் கலக்கிட்டு, கையுறையோடவே எல்லாருக்கும் காபி ஊத்துறது யாரு? கோப்பை வழியா அது எல்லார் கைக்கும், அங்கிருந்து குழிக்கும் போகுது."

"நான்தான்" என்றார் ரெய்யோ.

"மீன் அறுத்த கையோட ரொட்டியைத் தொட்டா எங்கப்பாவுக்கே அடி விழும். நீ படிச்சவன் வேற!"

"மன்னிச்சிடு, ஹில்க்கா." கையையும் குடுவைப் பிடியையும் கழுவிவிட்டு அவரே ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார்.

ஹில்க்கா கோப்பையின் காதைப் பஞ்சால் துடைத்து, கருவியிடம் போனார். எண்ணைப் பார்த்துவிட்டு வந்து, ஆறிப்போன காபியைக் குடித்தார்.