செந்தாமரை கொடுத்த மோர்

அலங்கார வளைவு வைத்தால் கூட்டம் வரும் என்று வியாபாரிகள் சங்கத்தில் முதலில் கத்தியவன் நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? தஞ்சாவூர் அரண்மனைக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் முப்பது வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். புதிய பேருந்து நிலையப் பக்கம் பெரிய கடைகள் வந்தபின் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த கடை செந்தாமரையுடையது. ரவிக்கைத் துணி, லைனிங் விற்கிறாள். புருஷன் போனபின் ஒற்றை ஆளாகக் கடையைத் தூக்கி நிறுத்தியவள். புடவையை வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்தால் போதும், பொருத்தமான துணியைச் சட்டென்று உருவிப் போடுவாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஆடி வரை பார்ப்பேன், வியாபாரம் இல்லையென்றால் கடையைக் காலி செய்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சங்கத்தில் அவள் கேட்டது வளைவு இல்லை, பெண்களுக்கு ஒரு கழிப்பறை.

"காலையில பஸ் ஏறி வர்ற பொம்பளைங்க மத்தியானம் வரைக்கும் எப்படிங்க தாங்குவாங்க? பெரிய கடையில உள்ளயே இருக்கு. அதான் அங்க போறாங்க."

"அதெல்லாம் ஒரு விஷயமாம்மா?" என்றார் தலைவர் மீரா உசேன். நாங்களும் சிரித்துத் தொலைத்தோம்.

அடுத்த கூட்டம் அவள் கடை மாடியில். சித்திரை வெயில். எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். மறுபடி மோர். அப்புறம் நன்னாரி சர்பத். என்ன உபசாரம் என்று மடக் மடக்கென்று குடித்தோம். ஒரு மணி நேரத்தில் மீரா உசேன் நெளிய ஆரம்பித்தார். நான் எழுந்தேன். எங்களுக்குப் பின்சந்துச் சுவர்தான் வழக்கம். மாடிப்படியை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் செந்தாமரை.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க? கழிப்பறைக்குத் தீர்மானம் போடலையே."

"தாயே, அவசரம்!"

"நாங்க சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கோம். உங்களுக்கு அஞ்சு நிமிஷம் முடியலையா?"

மீரா உசேன் அப்படியொரு வேகத்தில் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. என் மனைவி வள்ளியம்மை ஏன் கடைக்கு வந்த அரை மணியில் கிளம்பிவிடுகிறாள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சங்கக் கட்டடத்துப் பின்னறையைக் கழிப்பறையாக மாற்றினோம். தண்ணீர், விளக்கு, நல்ல தாழ்ப்பாள், வாசலில் ஒரு பெஞ்சு. முதல் இரண்டு வாரம் காக்கா குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஆடி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, ஆவணிக் கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வலங்கைமானிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். செந்தாமரையிடம் துணி, என்னிடம் குத்துவிளக்கு, எதிரே சாப்பாடு. மூன்று மணியாகியும் பெஞ்சில் உட்கார்ந்து வளையலைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்படி அவசரமில்லாம பாத்து வாங்குனதே இல்லக்கா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வர்றேன்" என்றாள் மணப்பெண்ணின் அம்மா மேகலா.

அவர்கள் போனதும் செந்தாமரை கட்டடத்துக்காரருக்குப் போன் போட்டாள்.

"நான் காலி பண்ணலைங்க. பக்கத்து ரூம் சும்மாத்தானே கெடக்கு? அதையும் எனக்கே குடுங்க."