ஐந்தாவது கோரிக்கை

இதை எழுதலாமா என்று பல வருடங்களாக ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் வராதபோதெல்லாம் என் தயக்கத்தையே அவருடைய பதிலாக எடுத்துக்கொண்டேன். இந்தக் குளிர்காலத்தில் பெரியப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இனியும் பேசாமலிருந்தால் அவரைப் பற்றிப் பிழையான கதைதான் மிஞ்சும். நான் அதிகம் படித்தவள் அல்ல. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழில்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளி டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில், ஒரு டேனிஷ் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளில் நடந்தது. அம்மா அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியர். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை, சனிக்கிழமையில் அ, ஆ. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, பள்ளி நிர்வாகத்தின் தலைவர். ஊரில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த அந்த வருடம் எனக்குப் பத்து வயது. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, வன்னியில் இருந்தார். மாசியில் ஒருதரம் கதைத்தவர், பிறகு சத்தமில்லை. அம்மா போனைக் குளியலறைக்கும் கொண்டுபோவார்.

அந்தப் பங்குனியில்தான் ஆசிரியர்கள் ஐந்து கோரிக்கைகளை எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தம் வரும்வரை வகுப்பு இல்லை. எழுதியது அம்மா. ஒரு வகுப்பில் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், பனி கொட்டும் நாளில் வராவிட்டால் குறை சொல்லக் கூடாது என்று இப்படி நான்கைப் பெரியப்பா முதல் நாளே ஒத்துக்கொண்டார். ஐந்தாவதில் எல்லாம் நின்றுபோனது. ஊரில் சாவு நேர்ந்த ஆசிரியருக்கு மூன்று சனிக்கிழமை விடுப்பு, கேள்வி கேட்கக் கூடாது.

அம்மா அதைச் சும்மா எழுதவில்லை. மார்கழியில் ஒரு நாள் எங்கள் வகுப்பு டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஏதோ நீளமாக எழுதப்போகிறார் என்று நாங்கள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். முதல் நாள்தான் அவருடைய தகப்பன் ஊரில் செல் குண்டு விழுந்து செத்த செய்தி வந்திருந்தது. பதிலுக்கு ஆளில்லை என்று நிர்வாகம் அவரை வரச்சொல்லியிருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியப்பா ஃபைலோடு எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா தேத்தண்ணீர் வைப்பார். அவர் தொடமாட்டார்.

"நான் இண்டைக்கு நிர்வாகமா வந்திருக்கிறன், பிள்ளை. தேத்தண்ணி வேண்டாம்."

"நிர்வாகத்துக்கு நான் ஊத்தேல்லை. அத்தானுக்குத்தான் ஊத்தினனான்."

"உந்த ஐஞ்சாவதை எழுத்தில தந்தா, இப்ப இருக்கிற நிலைமைக்கு ஒரு சனிக்கிழமையும் ஒருத்தரும் வராயினம்."

"வராட்டில் அவ்வளவு சாவு விழுந்திருக்கெண்டு விளங்குங்கோ."

அப்பா நடுவிலிருந்து யன்னலைப் பார்ப்பார். வைகாசி முடியுமுன் ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலை கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, கொடுக்காவிட்டால், அறைகளை ஒரு ஜிம்னாஸ்டிக் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். பள்ளி அதோடு சரி.

எனக்குப் பள்ளியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பெரியப்பா தன் மகளை, என் அக்காவை, எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டார். ஆகவே பெரியப்பா கையெழுத்து வைக்கவேண்டுமென்று கேட்டு நான் உபவாசம் எடுத்தேன். ஏழு வெள்ளிக்கிழமைகள் மட்பக்கையை, அம்மா மதியத்துக்குக் கட்டித் தரும் ரொட்டிப் பொதியை, திறக்காமல் பையிலேயே வைத்திருந்தேன். டேனிஷ் டீச்சர் வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டார்.

"ஏனடி, கறுத்தப் பாண் பிடிக்கேல்லையோ?" என்று அம்மா கேட்டார். அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெம்பில்லை. உபவாசத்தை வெளியில் சொல்லக் கூடாதென்று வேதத்தில் படித்திருந்ததால் நானும் வயிற்றுக்குத்து என்றேன்.

எட்டாவது சனிக்கிழமை பெரியப்பா ஃபைல் இல்லாமல் வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார். கையெழுத்து வைத்தார். ஐந்தாவது கோரிக்கைக்குப் பக்கத்தில் தன் கையாலேயே, 'இந்தக் கிழமையிலிருந்து' என்று எழுதினார்.

"என்னத்தான், வாசிக்காமலே வைக்கிறியள்?"

"ஏழு கிழமையா அதைத்தானே வாசிச்சனான்."

பிறகு, அம்மா வந்தவுடனே வைத்திருந்த தேத்தண்ணீரை எடுத்து, ஆறிப்போயிருந்ததைக் கடைசித் துளிவரை குடித்தார். அம்மா பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். "கண்டியளே, எழுதிக் கேட்டா எழுதித் தருவினம்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கார் கழுவப் போனார். காலையில்தான் கழுவியிருந்தார்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்றார் பாஸ்டர். நான் எழும்பினேன். ஏழு வெள்ளி உபவாசம் இருந்ததையும், பெரியப்பா கையெழுத்து வைத்ததையும் சொல்லி, "நான் கேட்டதைக் கர்த்தர் தந்திட்டார்" என்று முடித்தேன். சின்னப் பிள்ளைகள் சாட்சி சொன்னால் சபை அல்லேலூயா என்று அதிரும். அன்று ஒரு சத்தமும் இல்லை. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மட்டும் தனியாக, உரத்து, "ஸ்தோத்திரம்" என்றார்.

எங்கள் சனம் சாவுச் செய்தியை வந்தவுடன் சொல்லாது. ஆட்கள் கூடவேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். மாமாவின் செய்தி சனிக்கிழமை விடியவே பெரியப்பாவுக்கு வந்திருக்கிறது. ஞாயிறு பின்னேரம் பாஸ்டரும் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்குள் சபை முழுவதற்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் சாட்சி சொன்னார், மற்றவர் ஸ்தோத்திரம் சொன்னார்.

ஐந்தாவது கோரிக்கையை முதன்முதலில் பாவித்தது அம்மாவேதான். அந்த மூன்று சனிக்கிழமையும் அவருடைய வகுப்பைப் பெரியப்பா பார்த்தார். அவருக்குப் படிப்பிக்கத் தெரியாது. பிள்ளைகளின் பெயர் இடாப்பை இரண்டு தரம் கூப்பிடுவது பக்கத்து வகுப்பிலிருந்த எனக்குக் கேட்கும்.

அன்று எனக்கு விளங்கியது வேறு. நான் ஒன்றைக் கேட்டேன், அதைத் தருவதற்காகத்தான் ஆண்டவர் மாமாவை எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். மாமா செத்ததால்தான் கையெழுத்து விழுந்தது, கையெழுத்துக்காக மாமா சாகவில்லை. இந்த முன்பின்னைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. அதுவரை நான் சபையில் எழும்பவேயில்லை. பெரியப்பாவிடமும் இதைக் கேட்கவில்லை.

அன்று அங்கே இல்லாதவர்கள் சிலர் இப்போது இதை ஒரு சிறுபிள்ளையின் உபவாசத்தால் நடந்த அற்புதம் என்று சொல்லித் திரிகிறார்கள். வாசிக்கிற உங்களிடம் கேட்பது ஒன்றுதான். யாருக்காவது சொன்னால் ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொல்லுங்கள். சாவைச் சொல்ல வந்தவருக்கு வாய் வரவில்லை, விடுப்பை எழுதிக் கொடுத்தார். அந்த ஆறின தேத்தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். அன்று அவர் நிர்வாகமாக வரவில்லை.