செருப்பைக் குசினிக்குள் வை

1991ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. பிறவியிலேயே காது கேளாத என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் நம்பிக்கையே இல்லை. ரீச்சர் எந்நேரமும் கையாலேயே கதைத்தார். எழுதிய சொல்லைக் காட்டுவார், உடனே ஒரு சைகை. அடுத்த சொல், இன்னொரு சைகை. இப்படியே பழகினால் வாயில் வருகிற நாலு சத்தமும் நின்றுவிடும் என்று சொந்தக்காரர் வேறு பயமுறுத்தினார்கள். "கையாலை கதைக்கிறது விளங்கினாத்தான் அம்மா, எழுத்திலை இருக்கிறதும் பிள்ளைக்கு விளங்கும்" என்றார் ரீச்சர். நன்றாகத்தான் சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் புத்தகத்தை விரித்துவைத்து மகள் கைகளை அசைப்பாள். படத்தைப் பார்த்துச் செய்கிறாளோ என்று படத்தை மறைத்தேன். அப்போதும் செய்தாள். அப்படியென்றால் பொருள் விளங்காமலே பாடமாக்கி வைத்திருக்கிறாள்! அந்தத் தவணையோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தையல் பழக விடுவதென்று முடிவெடுத்தேன்.

"உமக்கு ஆரிலைதான் சந்தேகமில்லை? ஒருக்கா வடிவாய்ச் சோதிச்சுப் பாத்திட்டு நிப்பாட்டும்" என்றார் கணவர்.

சரி, சோதித்தே விடுவோம். சண்டையால் எழுதுகிற கொப்பி கிடைப்பதே அரிதான காலம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில், எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்க முடியாத ஒன்றை எழுதினேன்: 'அப்பாவின் செருப்பைக் குசினிக்குள் வை.' எங்கள் வீட்டில் செருப்பு வாசலைத் தாண்டி வராது. சமைக்கிற குசினிக்குள் என்றால் பேச்சுக்கே இடமில்லை. அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனால் வாசிக்கிறாள் என்று ஒப்புக்கொள்ளலாம்.

மகள் தாளைப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கை அசைந்தது. பிறகு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். செருப்புப் பக்கம் திரும்பவே இல்லை.

"பாத்தியளோ? நான் சொன்னனான்தானே" என்றேன் கணவரிடம். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, என் சந்தேகம் பொய்யாக வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் கிடந்து தவித்திருக்கிறேன்.

அதற்குள் அவள் என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினாள். 'குசினிக்குள்' என்பதை அழுத்திக் கோடு போட்டு வெட்டிவிட்டு மேலே 'வாசல்' என்று எழுதினாள். பிறகு, நான் அவளை ஏசும்போது செய்வதுபோலவே, சுட்டுவிரலை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அழுதுவிட்டேன். இவர்களுக்கு என்ன பிடித்துவிட்டது என்பதுபோல் அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தை நான் நிறுத்தவில்லை.

பிள்ளை எதிர்த்துக் கதைத்தால் எந்தத் தாய்க்கும் கோபம்தான் வரும். ஒன்பது வருடத்தில் முதன்முதலாக என் மகள் என்னை எதிர்த்துக் கதைத்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை, இன்றுவரை யாருக்கும் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.