டை அடித்த காட்டு முயல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. தோசைக்கல் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. காலிங் பெல் விடாமல் அடித்தது. திறந்தால், எதிர் ஃபிளாட் கவிதா. அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஃபாரஸ்ட் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க. பிரசன்னாவைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க போலருக்கு. நீங்க வந்து கொஞ்சம் பேசுங்களேன்..."

பிரசன்னா அவள் கணவன். வாரமெல்லாம் சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால். சனிக்கிழமை வந்தால் போதும் — தலையில் துண்டு, கையில் உண்டிகோல், ஐயா வேட்டைக்காரர்! யூடியூபில் ஒரு வேட்டை சேனல் வைத்திருக்கிறான்.

அதில் 'அடர்ந்த காடு' என்று வருவது, கோவிலம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் முள்செடி மண்டிக் கிடக்கும் காலி மனைதான். கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் என் வீட்டுக் கொடியில் காயும் நைட்டி தெரிந்துவிடும். தண்ணி லாரி ஹார்னை வெட்டிவிட்டு, ஏதோ ஒரு பறவைச் சத்தத்தை ஒட்டுவான். நானும் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்... முயல் வரும் வரை.

பல்லாவரம் சந்தையில் வாங்கிய வெள்ளை முயல். காட்டு முயல் வெள்ளையாக இருக்காதே, என்ன செய்வது? மாமனாரின் பிரவுன் ஹேர் டையை எடுத்து அதற்கு அடித்துவிட்டான்! காலில் தூண்டில் நரம்பைக் கட்டி, புதருக்குள் விட்டு, துரத்தித் துரத்திப் படம் எடுத்தான். கடைசியில் 'முயல் குழம்பு' என்று கொதிப்பது மட்டும் கடைக் கோழி. "நான் ஒண்ணும் கொல்லலையே அக்கா" என்று பெருமை வேறு.

அந்த வீடியோவை என்னிடம் காட்டி, "இன்னும் பெட்டரா பண்ண ஒரு ஐடியா குடுங்க அக்கா" என்றான்.

"கொஞ்ச நேரம் சத்தம் போடாம உக்காருப்பா. அதே மனையில கீரி வருது. கௌதாரி குஞ்சுங்களோட நடக்குது. அதை எடு."

"அதுல என்னக்கா இருக்கு? எதாவது ஓடணும், எதாவது சாவணும். அப்பதான் பாப்பாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவன் பேசுகிற பேச்சா இது?

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். காட்டு முயலைக் கொன்றால் ஜெயில். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ஹாலில் இரண்டு காக்கிச் சட்டைகள். நடுவே பிரசன்னா, வியர்த்து வழிந்துகொண்டு.

"சார், அது காட்டு முயலே இல்ல சார். எல்லாமே பொய் சார்!"

"வீடியோவுல காட்டு முயல்னு கத்தறது நீங்கதானே?"

கூத்தைப் பாருங்கள். ஊரையே நம்ப வைத்தவன், இப்போது தான் ஒரு டுபாக்கூர் என்று நிரூபித்தால்தான் தப்பிக்க முடியும்!

கவிதா பால்கனியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தாள். உள்ளே முயல். டை திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. அடியில் வெள்ளை முடி முளைத்திருந்தது. காதுக்குப் பின்னால் தோல் வெந்து புண். நரம்பு கட்டிய கால் வீங்கி, அதைத் தரையில் ஊன்றவே முடியவில்லை.

"இன்னா சார், முயலுக்குப் போயி டை அட்ச்சிகினு கீறீங்க!" என்றார் வந்தவர்களில் மூத்தவர். எல்லோரும் சிரித்தார்கள், பிரசன்னா உட்பட. வதைத்ததும் குற்றம்தான் என்று கண்டித்து, அந்த வீடியோவை நீக்கிவிட்டு உண்மையைச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. புண் ஆறிவிடும், கால்தான் நாளாகும் என்றார் மேடவாக்கத்தில் பார்த்த டாக்டர்.

பிரசன்னா உண்மையைச் சொல்லி வீடியோ போட்டான். கமெண்ட்டுகளைப் படித்தேன். முயல் செத்துவிட்டது என்று நம்பியபோது ஹார்ட் போட்டவர்கள், அது சாகவில்லை என்று தெரிந்ததும் 'இப்படி ஏமாத்திட்டியேடா' என்று திட்டுகிறார்கள்! இவனைச் சொல்வதா, இவர்களைச் சொல்வதா?

நேற்று சாயங்காலம் மறுபடி பெல். பிரசன்னாதான், கையில் போனோடு.

"அக்கா, அந்த முயலை ஒரு மணி நேரம் குடுங்களேன். அடிபட்ட முயலைக் காட்டுல நான் காப்பாத்தற மாதிரி ஒரு வீடியோ... ரெஸ்க்யூவுக்கு இப்ப செம வியூஸ்."

அவன் முகத்துக்கு நேராகக் கதவை அறைந்து சாத்தினேன். விரல் நசுங்கியிருந்தாலும், முதலில் அதை வீடியோ எடுத்துவிட்டுத்தான் கத்தியிருப்பான்!