கப்பலுக்குப் போக வேண்டிய ஆள்

என்னையப் பொறாமை இல்லாத மனுசன்னு யாராவது சொன்னா, அவுக என்கூட ஒரு நாள்கூட வேல பாக்கலன்னு அர்த்தம். பக்கத்து இலையில ரெண்டாவது வடை விழுந்தா என் இலையில இருக்குற வடை எனக்குக் கசக்கும். பொறப்பே அப்படி. ஆனா அதுக்காக ஒருத்தனுக்குக் குழி பறிச்சது ஒரே ஒரு தடவதான். அதத்தான் இப்பச் சொல்லப் போறேன்.

தொண்ணூறுகளோட கடைசியில தேனியில ஒரு லாரி பார்சல் சர்வீஸ்ல நான் புக்கிங் கிளார்க். மலையில இருந்து வர்ற ஏலக்காயும், கம்பத்துத் திராட்சையும், மில்லு நூலும் எங்க லாரியிலதான் ஏறும். ஒரு நாள் எங்க முதலாளி வந்து, கம்பெனியத் தூத்துக்குடிக் கப்பல் கம்பெனிக்கு வித்தாச்சுன்னு சொன்னாக. கடலே இல்லாத ஊருல கப்பல்காரகளுக்கு என்ன சோலின்னு எங்களுக்கு வெளங்கல. சரக்கு துறைமுகத்துக்கு வரணும்னா லாரி வேணும்ல, அதுக்காக வாங்கியிருக்காகன்னு பெறகுதான் தெரிஞ்சது. ஒரே வாரத்துல லாரிக் கதவுல இருந்த பழைய பேர அழிச்சுட்டு நங்கூரம் வரைஞ்சாக.

அடுத்து, கம்பெனிக்கு ஆண்டு மலர் போடணும்னாக. வரலாறு எழுதுற வேல என் தலையில விழுந்துச்சு. விழுந்துச்சுன்னு சும்மா சொல்றேன், நான்தான் மேல விழுந்து வாங்கிக்கிட்டேன். பழைய காயிதமெல்லாம் கட்டுக்கட்டா வந்து சேந்துச்சு. கப்பல் கம்பெனிய ஆரம்பிச்ச பெரிய முதலாளி ஒத்தத் தோணியில கூரை ஓடும் வெங்காயமும் ஏத்திக் கொழும்புக்குப் போய்க்கிட்டு இருந்தவுக. பக்கத்துத் தோணிக்காரர் நொடிச்சுப் போனப்ப அவரோட தோணிகள வாங்கியிருக்காக. அப்புறம் நாகப்பட்டினத்துல ஒரு சின்னக் கப்பல் கம்பெனி, அதுக்கப்புறம் சரக்கு அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கி, கடைசியா நாங்க.

அந்தக் காயிதத்துக்குள்ளதான் அந்தச் சங்கதி கெடந்துச்சு. மொத வாங்குன தோணிக் கம்பெனியோட கணக்கப்பிள்ளை, வேல போயிருமோன்னு நடுங்கிப் போய் நின்னாராம். பெரிய முதலாளி அவரைத் தன் தோணியிலயே ஏத்திக் கொழும்பு வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வந்தாகளாம். அதுல இருந்து எந்தக் கம்பெனிய வாங்குனாலும், அங்கன இருந்து ஒரு ஆளக் கப்பல்ல ஒரு நடை கூட்டிட்டுப் போறது வழக்கமாப் போச்சு. இப்ப எங்க முறை. தூத்துக்குடியில ஏறுனாக் கன்னியாகுமரியச் சுத்திக் கொச்சி வரைக்கும் போகலாம்.

நான் அதுவரைக்கும் கடலப் பாத்ததில்ல. வைகை டேம்தான் நான் பாத்த பெரிய தண்ணி. வரலாறு எழுதுனவன் நான், சீனியர் நான், என்னைய விட்டா யாரு? வீட்டுலயும் சொல்லிட்டேன். என் பொண்டாட்டி டிரங்குப் பெட்டியில இருந்த ஸ்வெட்டர எடுத்து வெயில்ல காயப் போட்டா, கடல்ல குளிரும்னு.

தூத்துக்குடி மேனேஜர் வந்து எல்லாரையும் நிக்க வச்சுப் பேசுனாக. கடைசியில கையக் காட்டுனது உத்தமபாளையத்தானைப் பாத்து! பார்சல் செக்சன்ல வேல பாத்தவன், என்னைய விட ஆறு வருசம் சின்னவன், என்னைய அண்ணே அண்ணேன்னு சுத்தி வர்றவன். ஏன்னா அவனுக்கு மலையாளம் தெரியுமாம், கப்பல்ல கேப்டனும் ஆளுகளும் மலையாளியாம். குமுளிச் சந்தையில நாலு வருசம் ஏலக்கா மூட்ட தூக்குனவனுக்கு மலையாளம் வராம சமஸ்கிருதமா வரும்? எல்லாரும் கை தட்டுனாக. நானும் தட்டுனேன்.

இங்கன ஒன்னு சொல்லணும். அதுக்கு முந்தின வருசம் ஏலக்கா லோடு எடுக்க அவனும் நானும் போடிமெட்டுக்கு லாரியில போனோம். திரும்பையில டிரைவர் மேல கடையிலயே தங்கிட்டாரு, எனக்கும் ஓட்டத் தெரியும்கிறதால லாரியக் கீழ எறக்கிட்டு வந்தது நான்தான். மூணாவது கொண்டை ஊசி வளைவுலயே அவன் வாந்தி எடுத்துட்டான். ஏழாவதுல மறுபடியும். ஓடைத் தண்ணியில சட்டையக் கசக்கிட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டான். லாரி ஆபீஸ்காரனுக்கு லாரி ஒத்துக்காதுன்னு தெரிஞ்சா லோடுமேன்க கேலி பண்ணியே கொன்னுருவாக, யாருகிட்டயும் சொல்லிறாதீகன்னான். நானும் சொல்லமாட்டேன்னேன்.

கப்பலுக்குப் பேர் வந்த பெறகு அவனுக்கு அந்தப் பயம் பிடிச்சுக்கிருச்சு. ஞாயித்துக்கிழமையானா ஒரு எலுமிச்சம்பழத்தக் கையில வச்சுக்கிட்டுப் போடியில பஸ் ஏறி மெட்டுக்குப் போயி, அடுத்த பஸ்லயே எறங்கி வருவான். வயித்தப் பழக்குறானாம். மொத ஞாயிறு பாதியிலயே எடுத்துட்டான். ரெண்டாவது ஞாயிறு எறங்கையில மட்டும். மூணாவது ஞாயித்துக்கு மறுநாள் காலையில ஆபீஸ் தொறக்கு முன்னாடியே வந்து நின்னான். மொகமெல்லாம் சிரிப்பு. ஏறயிலயும் எறங்கயிலயும் ஒரு வளைவுலகூட எடுக்கலண்ணே, இனிமே கப்பலாவது ஒன்னாவதுன்னான். அவன் பொண்டாட்டி கப்பல்காரகளுக்குன்னு முறுக்கு சுட ஆரம்பிச்சுட்டாளாம்.

அன்னைக்குப் பதினோரு மணிக்குத் தூத்துக்குடியில இருந்து போன். உத்தமபாளையத்தானோட வயசு, விலாசம், ரத்த குரூப் வேணும்னு மேனேஜர் கேட்டாக. போன் என் மேசையிலதான் இருக்கும். அவன் பின்னாடி கொட்டகையில மூட்டைகளுக்கு நம்பர் போட்டுக்கிட்டு இருந்தான். நான் எல்லாத்தையும் ஒழுங்காச் சொன்னேன். சொல்லிட்டுக் கொரலத் தாழ்த்திக்கிட்டேன்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. அவனுக்கு மலை ரோட்டுல மூணு வளைவு தாங்காது. நான் கூட இருந்து பாத்திருக்கேன். நடுக்கடல்ல என்னமும் ஆனா நம்ம கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு."

மேனேஜர், நல்ல வேளை சொன்னீங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டாக. அப்படின்னா நீங்க வாங்கன்னு சொல்லுவாகன்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். அடிக்கல. நாலு நாள் கழிச்சுத் தபால்தான் வந்துச்சு. உடல்நிலை காரணமா தேனி ஆளோட பயணம் ரத்துன்னும், கொச்சியில புதுசா வாங்குன கிட்டங்கியில இருந்து ஒருத்தர அந்த எடத்துல ஏத்திக்கிட்டதாகவும் போட்டிருந்துச்சு. முன்பின் தெரியாத எவனோ ஒருத்தன் போயிட்டான். உத்தமபாளையத்தான் அந்தத் தபால நின்னபடியே படிச்சான், மடிச்சுச் சட்டைப் பையில வச்சான், மறுபடி கொட்டகைக்குப் போயிட்டான். சாயங்காலம் அந்த முறுக்க ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தான். எனக்கும் ரெண்டு குடுத்தான்.

அடுத்த கம்பெனிய வாங்கையில பாக்கலாம்னு இருந்தேன். அதுக்கும் வழியில்லாமப் போச்சு. நாலஞ்சு வருசத்துல எங்க கப்பல் கம்பெனியவே பம்பாய்க்காரக வாங்கிட்டாக. கதவுல இருந்த நங்கூரத்தையும் அழிச்சாச்சு. வந்தவுகளுக்கு இந்த மாதிரி வழக்கமெல்லாம் கெடையாது. நான் எழுதுன வரலாறும் அந்த மலரோட சரி.

அதுக்கப்புறம் ஒரு பொங்கல் லீவுல உத்தமபாளையத்தான் சொந்தக் காசச் செலவழிச்சுத் தூத்துக்குடிக்குப் போயிட்டு வந்தான். துறைமுகத்துக் கேட்டுல உள்ள விடலயாம். வெளிய மதில் ஓரமா நின்னு நம்ம பழைய கப்பலப் பாத்தானாம், வேற பெயிண்ட் அடிச்சிருந்தாகளாம். கப்பலோட முன்பக்கமே நம்ம ஆபீஸ் ஒசரம் இருக்குண்ணேன்னு கையத் தூக்கிக் காட்டுனான். அவ்வளவு செஞ்சும் எனக்கு மொத வந்தது என்ன தெரியுமா? பொறாமதான். நான் பாக்குறதுக்கு முன்னாடி இவன் பாத்துட்டானேன்னு பல்லக் கடிச்சேன்.

மேசை மேல தூத்துக்குடியில வாங்குன மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தப் பிரிச்சு வச்சான். எடுங்கண்ணேன்னான். ஒன்ன எடுத்து வாயில போட்டேன். அவன் எதிர் நாற்காலியில உக்காந்து, கோவமே இல்லாமச் சொன்னான்.

"நான் வாந்தி எடுக்குறது உங்க ஒருத்தருக்குத்தாண்ணே தெரியும். மூணாவது ஞாயிறு எடுக்கலன்னதும் உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். அதையும் சேத்து அவுககிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

வாயில மக்ரூன் இருந்துச்சு. அது கரைஞ்சு போனதும் பொட்டலத்துல இருந்து இன்னொன்ன எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்.